ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றது யார்?

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, லேத் பராமரிப்பு பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது நம் ஒர்க்‌ஷாப் சுவரிலேயே போர்டாகத் தொங்குகிறது. அதையே யாரும் படிப்பதில்லை, மலரில் வந்தால் மட்டும் படித்துவிடப் போகிறோமா? ஆகவே வேறு ஒரு தொழிலைப் பற்றி எழுதுகிறேன். துப்பறியும் கதை எழுதுகிறவர்கள், தாங்களே பெற்று வளர்த்த கதாநாயகனைக் கொல்வதா, விட்டுவைப்பதா என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

இந்தக் கேள்வி எனக்கு வந்த இடம் எங்கள் வீட்டுத் திண்ணை. எங்க அம்மா பூக்கட்டும். முழக் கணக்குக்குக் கூலி. அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அதனால் கிளை நூலகத்தில் இருந்து எடுத்து வருகிற கதைப் புத்தகத்தை நான் சத்தம் போட்டுப் படிப்பேன், அம்மா நாரை முடிந்துகொண்டே கேட்கும். அப்படிப் போன வருஷம் கிடைத்தது அட்டை போன ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் தமிழ் மொழிபெயர்ப்பு. அம்மாவுக்கு ஹோம்ஸை ரொம்பப் பிடித்துவிட்டது. பெயர் மட்டும் வாயில் நுழையாமல் 'ஓம்சு' ஆகிவிட்டது.

ஒருநாள் 'தி ஃபைனல் பிராப்ளம்' என்ற கதைக்கு வந்து சேர்ந்தோம். சுவிட்சர்லாந்தில் ரைஹன்பாக் என்று ஒரு பெரிய அருவி. மோரியார்ட்டி என்ற வில்லன், அவன் கணக்குப் பேராசிரியர் (நமக்கு எம்-2 எடுத்தவரை நினைத்துக்கொள்ளவேண்டாம்), ஹோம்ஸைத் துரத்திக்கொண்டு அங்கே வருகிறான். நண்பர் டாக்டர் வாட்சன் திரும்பி வந்து பார்த்தால், அருவி விளிம்பு வரை போன இரண்டு ஆள் காலடித் தடம் இருக்கிறது, திரும்பி வந்த தடம் இல்லை. ஹோம்ஸ் எழுதி வைத்த ஒரு கடிதம் கிடைக்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "பொணத்தப் பாத்தாகளாடா?" என்று கேட்டது.

"இல்லம்மா. காலடியும் கடுதாசியும்தான்."

"அப்பறம் எப்படிச் செத்தான்னு சொல்றாக? பொணத்தப் பாக்காம எழவு சொல்லப்படாது."

அம்மா இதைச் சும்மா சொல்லவில்லை. என் தாய்மாமா நான் பிறப்பதற்கு முன்னாலேயே லாரி கிளீனராக பம்பாய்ப் பக்கம் போனவர். திரும்பவில்லை, தகவலும் இல்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் அவருக்குக் காரியம் செய்யவில்லை. பாட்டி இருந்தவரை பாட்டி விடவில்லை, அதற்கப்புறம் அம்மா விடவில்லை. சொந்தக் கதையை மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் அம்மா கண்டுபிடித்த அந்த ஓட்டை வழியாகத்தான் பத்து வருஷம் கழித்து ஹோம்ஸ் வெளியே வந்தார் என்பதால் சொல்லவேண்டியதாகிவிட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் எழுதினவர் மேல். நல்லா ஓடுகிற வண்டியைக் கொண்டுபோய் ஏன் பள்ளத்தில் தள்ளவேண்டும்? தேடிப் படித்ததில் தெரிந்தது இது.

ஆர்தர் கோனன் டாயில் படித்தது டாக்டருக்கு. ஹோம்ஸ் வருகிற முதல் நாவலை 1886-ல் மொத்த உரிமையோடு வெறும் 25 பவுண்டுக்கு விற்றுவிட்டார். 1891-ல் 'ஸ்ட்ராண்ட்' என்ற மாதப் பத்திரிகையில் சிறுகதைகளாக வர ஆரம்பித்ததும்தான் ஹோம்ஸ் பற்றிக்கொண்டது. ஆனால் டாயிலுக்கு மனசெல்லாம் சரித்திர நாவல்கள் மேல். அதுதான் தன் பெயரைச் சொல்லும், ஹோம்ஸ் வயிற்றுப்பாட்டுக்கு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். பத்திரிகை இன்னும் கதை கேட்டபோது, கேட்டதும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்து ஒரு கதைக்கு 50 பவுண்டு சொன்னார். உடனே சரி என்றுவிட்டார்கள். அடுத்து பன்னிரண்டு கதைக்கு 1,000 பவுண்டு கேட்டார். அதற்கும் சரி! சம்பளம் ஏற ஏற வேலையை விட முடியாமல் போகிறது பாருங்கள், அந்தச் சிக்கல்.

1891 நவம்பரிலேயே அவர் தன் தாயாருக்குக் கடிதம் எழுதுகிறார், ஹோம்ஸைத் தீர்த்துவிடலாம் என்று இருக்கிறேன், இவனால் நல்ல வேலைகளில் மனம் செல்லவில்லை என்று. கூடாது என்று தடுத்தது அந்த அம்மாதான். தடுத்ததோடு நில்லாமல், தலைமுடி சம்பந்தமான ஒரு கதைக்கு யோசனையும் கொடுத்தார். அதை வைத்து 'காப்பர் பீச்சஸ்' கதையை டாயில் எழுதினார். ஆக ஹோம்ஸுக்கு இரண்டு வருஷ ஆயுள் நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தது ஒரு தாய். இதைச் சொன்னபோது எங்க அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

1893 டிசம்பரில் அருவிக் கதை அச்சில் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவதில் பாதி கதையை விடப் பெரிய கதை. இருபதாயிரம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்பார்கள். லண்டன் வாலிபர்கள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போனார்கள் என்பார்கள். பட்டை கட்டியதற்கு அந்தக் காலத்துச் சாட்சியம் எதுவும் அகப்படவில்லை, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதையாகவே தெரிகிறது. ஆனால் திட்டிக் கடிதங்கள் வந்தது நிஜம். ஒரு பெண்மணி 'மிருகமே' என்ற மாதிரிதான் கடிதத்தை ஆரம்பித்திருந்தார் என்று டாயிலே எழுதியிருக்கிறார்.

எனக்குக் கோபம் போனது இந்த இடத்தில்தான். அந்த 1893 அக்டோபரில்தான் டாயிலின் தகப்பனார், பல வருஷம் மனநோய் விடுதிகளில் கிடந்தவர், இறந்துபோனார். அதே வருஷம் மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது, சில மாதம்தான் தாங்குவார் என்றார்கள். (டாயில் ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொண்டதில் அவர் 1906 வரை இருந்தார்.) ஹோம்ஸை முடிக்கிற முடிவு அதற்கு முன்பே எடுத்ததுதான், அதையும் இதையும் சேர்த்துக் கட்டக்கூடாது. ஆனால் அந்தக் கடிதங்கள் வந்து விழுந்தது இந்த மனுஷர் தலையில். எழுதினவர்களுக்கு அது தெரியாது. எனக்கும்தான் தெரியாமல் திட்டினேன். பிறகு ஒரு கூட்டத்தில் அவர் சொன்னது: அது தற்காப்புக் கொலை, நான் அவனைக் கொன்றிருக்காவிட்டால் அவன் என்னைக் கொன்றிருப்பான் என்கிற கருத்தில்.

அப்புறம் எப்படித் திரும்பி வந்தான்? கொஞ்சம் கொஞ்சமாகத்தான். வில்லியம் ஜில்லெட் என்ற அமெரிக்க நடிகர் ஹோம்ஸ் நாடகம் போடும்போது, ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று தந்தி அடித்தார். கட்டி வை, வெட்டிப் போடு, என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்கிற தோரணையில் டாயில் பதில் அனுப்பினார். அவ்வளவு வெறுப்பு! நாடகம் 1899-ல் வந்து பிரமாதமாக ஓடியது. 1901-ல் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' நாவல் தொடராக வந்தது. ஆனால் அது ஹோம்ஸ் சாவதற்கு முன் நடந்த கதையாம். உயிர் கொடுக்காமலேயே வேலை வாங்கிவிட்டார். கடைசியில் அமெரிக்கப் பத்திரிகை 'கோலியர்ஸ்' பதின்மூன்று கதைக்கு 45,000 டாலர் தருவதாகச் சொன்னது. 1903-ல் ஹோம்ஸ் எழுந்து வந்தார். அருவியில் விழுந்தது மோரியார்ட்டி மட்டும்தான், ஹோம்ஸ் பாறையில் ஏறித் தப்பிவிட்டார் என்று கதை.

நம் ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தால் ஒரு மில்லிமீட்டர் கூடத் தேய்த்துவிட்டால் போச்சு, எந்த இன்ஸ்ட்ரக்டர் வந்தாலும் ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் முதலில் அலவன்ஸ் விட்டு வெட்டு என்கிறார்கள். டாயில் தெரிந்தோ தெரியாமலோ ஒரு அலவன்ஸ் விட்டு வெட்டியிருந்தார். அதுதான் அந்தப் பிணம். பிணத்தைப் பரிசோதித்துச் சான்று கொடுத்தவர் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று 1927-ல் அவரே வேடிக்கையாக எழுதினார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொன்னதும் அதேதான்!

இதற்கு நேர் எதிர் அகதா கிறிஸ்டி. அவருடைய துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ 1920-ல் முதல் நாவலில் வரும்போதே ரிட்டயரான போலீஸ்காரர். இவ்வளவு வயசில் ஆரம்பித்தது என் தப்பு என்று பிற்பாடு வருத்தப்பட்டார் கிறிஸ்டி. புவாரோ மேல் அவருக்கும் சலிப்புதான். தன் கதைகளிலேயே ஒரு பெண் எழுத்தாளர் பாத்திரத்தை வைத்து, அந்த அம்மா தன் பின்லாந்து துப்பறிவாளரைப் பற்றிப் புலம்புவதாக எழுதித் தீர்த்துக்கொண்டார்.

ஆனால் அவர் கொன்ற விதம் வேறு. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த சமயம், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று யோசித்து இரண்டு நாவல் எழுதிப் பத்திரப்படுத்தினார். ஒன்று மகளுக்கு, ஒன்று கணவருக்கு. மகளுக்கு எழுதி வைத்ததுதான் புவாரோ இறந்துபோகிற 'கர்ட்டன்'. எல்.ஐ.சி. பாலிசி எடுக்கிற மாதிரி! செத்துப்போன புவாரோ முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டகத்தில் கிடக்க, உயிரோடு இருக்கிற புவாரோ வெளியே புதுப்புதுக் கேஸ் பார்த்துக்கொண்டிருந்தார். 1975-ல் புத்தகம் வெளிவந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை 1975 ஆகஸ்ட் 6 அன்று முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. அடுத்த ஜனவரியில் கிறிஸ்டியும் போய்ச் சேர்ந்தார். எப்படிச் செத்தார் என்று சொல்லமாட்டேன், படித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கெட்டியாகப் பூட்டியும், 2014-ல் குடும்பத்தார் அனுமதியோடு சோஃபி ஹன்னா என்பவர் புதிய புவாரோ நாவல் எழுதினார், கதை நடப்பது 1929-ல் என்று வைத்து. முன்கதை என்ற பின்வாசலை யாராலும் அடைக்க முடியாது போலிருக்கிறது.

நிக்கோலஸ் ஃப்ரீலிங் 1972-ல் தன் டச்சுப் போலீஸ்காரர் வான் டெர் வால்க்கைப் பாதி நாவலிலேயே சுட்டுவிட்டு, மீதிப் பாதியில் அவர் மனைவியைத் துப்புத் துலக்க விட்டார். கோலின் டெக்ஸ்டர் 1999-ல் இன்ஸ்பெக்டர் மோர்ஸை ஆஸ்பத்திரியில் சாகடித்தார். அருவியும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. உடம்பைக் கவனிக்காத மனுஷன் சாகிற சாவு. இதில் அலவன்ஸே இல்லை. நம் சுஜாதா கணேஷையும் வசந்தையும் கொல்லவில்லை. 2008-ல் அவர் போய்விட்டார், அந்த இரண்டு வக்கீல்களும் வயசு ஏறாமல் அப்படியே இருக்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் இதுதான் சரி என்று சண்டை போடமாட்டேன்.

ஹோம்ஸ் திரும்பி வருகிற கதை வேறு தொகுப்பில் இருந்தது. நூலகத்தில் சொல்லி வைத்து, செமஸ்டர் பரீட்சை முடிந்த அன்று எடுத்து வந்தேன். அம்மா துள்ளிக் குதிக்கும் என்று எதிர்பார்த்துப் படித்தேன். கிழவன் வேஷத்தில் வந்த ஹோம்ஸ் வேஷத்தைக் கலைக்கிறார், வாட்சன் மயங்கி விழுகிறார். அம்மா சிரிக்கவில்லை.

"எத்தன வருசம் கழிச்சு வர்றான்?"

"கதைப்படி மூணு வருசம்மா. திபெத்தெல்லாம் சுத்திட்டு வர்றாரு. அவரோட அண்ணனுக்கு மட்டும் தெரியும்."

"அண்ணனுக்குச் சொன்னவன் இந்த டாக்டருக்கும் ஒரு கடுதாசி போட்ருக்கலாம்ல" என்றது அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, மேல படி" என்று அடுத்த பூவை எடுத்தது.