எல்லாவற்றுக்கும் பல்லா காரணம்?

கைக்குழந்தை உள்ள வீட்டில், ஆறாவது மாதம் பிறந்ததும் இரவில் எது நடந்தாலும் பழி பல்லின் மீதுதான் விழுகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் குழந்தை எழுந்து அழுதால் பல். உடம்பு சுட்டால் பல். வயிற்றுப்போக்கு கண்டால் பல். பால் குடிக்க மறுத்தால் அதுவும் பல். "எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான்மா, பல் வந்துட்டா சரியாயிடும்" என்று பாட்டி சொல்வார். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொல்வார். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தையொட்டிக் கீழ் ஈறின் நடுவில் உள்ள இரு பற்கள் முதலில் எட்டிப் பார்க்கின்றன. சிலருக்கு நான்காம் மாதத்திலேயே வந்துவிடும். சிலர் ஒரு வயது வரை பொக்கை வாயோடுதான் சிரிப்பார்கள். இரண்டும் இயல்பானவையே. மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடும். அப்படியானால் இரண்டரை ஆண்டுக் காலம் ஏதாவது ஒரு பல் வந்துகொண்டேதான் இருக்கும். இந்தக் காலத்தில் குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும், பழி போட அருகில் ஒரு பல் கிடைத்துவிடும்.

உண்மையில் பல் எவ்வளவு தொந்தரவு கொடுக்கிறது? அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் 125 குழந்தைகளைத் தினமும் கவனித்துக் குறித்துவைத்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. பல் வெளிவருவதற்கு முந்திய நான்கு நாள், வெளிவரும் நாள், அதற்குப் பிந்திய மூன்று நாள் ஆகிய எட்டு நாள்களில்தான் தொந்தரவு கூடுகிறது. எச்சில் வடிதல், கையில் கிடைத்ததைக் கடித்தல், ஈறைத் தேய்த்தல், காதைத் தடவுதல், சிணுங்கல், கெட்டியான உணவை ஒதுக்குதல், விழித்துக்கொண்டிருத்தல் ஆகியவை அந்த நாள்களில் காணப்பட்டன. கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு தென்படவில்லை.

2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் கேமரா மூலம் குழந்தைகளின் தூக்கம் பதிவு செய்யப்பட்டது. பல் முளைக்கும்போது தூக்கம் கெடுகிறது என்று பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினர். ஆனால் பல் முளைக்கும் இரவுகளுக்கும் மற்ற இரவுகளுக்கும் இடையே பதிவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தாய்மார்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. அந்த வயதுக் குழந்தை பல் இல்லாவிட்டாலும் எழுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறை அதன் ஆழ்ந்த உறக்கம் கலைந்து மீண்டும் தொடர்கிறது. தவழக் கற்கும் நாள்களில் உறக்கத்திலேயே எழுந்து உட்காரும் பிள்ளைகளும் உண்டு. எட்டு ஒன்பது மாதமாகும்போது தாய் அருகில் இல்லை என்பது புரிய ஆரம்பிக்கிறது. கண் விழித்ததும் தேடி அழுகிறது.

காய்ச்சல் விஷயத்தில் அதிகக் கவனம் தேவை. கருவில் இருந்தபோது தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புச் சக்தி முதல் சில மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது. அதே சமயத்தில்தான் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. பராமரிப்பாளர் வீட்டிற்கும் போகத் தொடங்குகிறது. கிருமி தொற்றுவதும் பல் முளைப்பதும் ஒன்றாக வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகத் தோன்றுகிறது. பல் முளைப்பதால் உடம்பு லேசாக வெதுவெதுப்பாகலாம். வெப்பமானி 38 டிகிரியைக் காட்டினால் அதைக் காய்ச்சலாகவே கருத வேண்டும். டிங்கி உள்ள நம் நாட்டில், பல் காய்ச்சல் என்று இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருப்பது விபரீதத்தில் முடியலாம். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி என்றால் பொழுது விடியும் வரை காத்திருக்கக் கூடாது. குழந்தை துவண்டு கிடந்தாலும், பால் குடிக்காவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இரவில் என்ன செய்யலாம்?

ஈறு வலிதான் என்று தெரிந்தால், கையைச் சுத்தமாகக் கழுவி, விரலால் ஈறை மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடலாம். பெரும்பாலும் இதுவே போதும். சுத்தமான ஈரத் துணியையோ ரப்பர் வளையத்தையோ குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்ந்ததும் கடிக்கக் கொடுக்கலாம். ஐஸ் கட்டியாக உறைந்ததைக் கொடுத்தால் ஈறு புண்ணாகும். வடியும் எச்சிலை அவ்வப்போது ஒற்றி எடுக்காவிட்டால் கன்னமும் கழுத்தும் சிவந்து, அந்த எரிச்சலே தூக்கத்தைக் கெடுக்கும்.

வலி அதிகமாக இருந்தால் பாராசிட்டமோல் கொடுக்கலாம். ஆனால் நம் கடைகளில் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் இருக்கிறது, 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்தால் மருந்து இரு மடங்காகிவிடும். வயதைப் பார்த்து ஊற்றாமல், கிளினிக் புத்தகத்தில் எழுதப்பட்ட எடையைக் காட்டி அளவைக் கேட்டுப் புட்டியின் மீதே எழுதி ஒட்டிவைப்பது நல்லது. நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. டிங்கி இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் இபுபுரோஃபென் வகை மருந்துகளைத் தொடவே வேண்டாம். அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

ஈறில் தடவும் ஜெல் வேறு கதை. பென்சோகெயின் கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. ரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடக்கூடும். ஒரு காலத்தில் பிரிட்டனில் பல் முளைக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்த பொடியில் பாதரசக் கூட்டுப்பொருள் இருந்தது. கைகால் சிவந்து வலியால் துடித்த குழந்தைகள் ஏராளம். 1950களில் அந்தப் பொடி கடைகளிலிருந்து மறைந்த பிறகு நோயும் மறைந்தது.

கழுத்தில் மணிமாலை போட்டு உறங்க வைப்பது, பிராந்தியைத் தொட்டு ஈறில் தடவுவது, ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது ஆகியவையும் கூடாது. எல்லாவற்றையும்விட மோசமானது, குழந்தை தூங்கட்டும் என்று சளி மருந்தைக் கொடுப்பது. தூக்கம் வரும்; மூச்சும் மந்தமாகலாம்.

தொட்டிலும் பெற்றோரும்

வலி இருக்கும் இரவுகளில் குழந்தையைத் தூக்குவதில், ஆட்டுவதில் தவறில்லை. பல் வெளியே வந்த பிறகும் ஒவ்வொரு விழிப்புக்கும் ஸ்பிரிங் தொட்டிலை ஆட்டினால்தான் சிக்கல். ஆட்டத்தில் உறங்கிய குழந்தை, விழித்ததும் அதே ஆட்டத்தைத்தான் கேட்கும். முனகல் கேட்டவுடன் ஓடாமல் ஓரிரு நிமிடம் பொறுத்தால், பல குழந்தைகள் தாமே உறங்கிப் போகும். விளக்கைப் போடாமல், அதிகம் பேசாமல், தட்டிக்கொடுத்து மீண்டும் படுக்க வைத்தால் இரவு விளையாடும் நேரமல்ல என்பது மெல்ல விளங்கும்.

இதையெல்லாம் தாய் ஒருவரே செய்ய முடியாது. மலேசியாவில் தனியார் துறையில் 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள். முதல் பல் வரும்போது பல தாய்மார்கள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். நள்ளிரவு வரை ஒருவர், அதன் பிறகு மற்றவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். "எனக்குக் காலையில் வேலை" என்று சொல்லும் அப்பாக்கள், அம்மாவுக்கும் காலையில் வேலை என்பதை மறந்துவிடுகிறார்கள். களைப்போடு சோபாவில் சாய்ந்து குழந்தையை மார்பில் போட்டு உறங்கிவிடுவது மிகவும் ஆபத்தானது. குழந்தை இடுக்கில் சிக்கி மூச்சுத் திணறலாம்.

அழுகையை அடக்கப் பால் புட்டியை வாயிலேயே விட்டு உறங்க வைக்கும் பழக்கமும் இந்த இரவுகளில்தான் பிறக்கிறது. முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே காலையும் இரவும் ஓர் அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை தொட்டுத் துலக்கிவிட வேண்டும். கடைசிப் பாலுக்குப் பிறகு துலக்குவது முக்கியம். பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுவோர் உண்டு. பின்பக்கக் கடைவாய்ப் பால்பற்கள் விழுவதற்குப் பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேலாகிவிடும்.