பத்து சென்ட் நோட்டுப் புத்தகம்

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே ஒரு சிறு விமானத்தை ஓட்டிச் செல்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். கீழே தெரியும் ரயில் பாதைதான் உங்களுக்கு வழிகாட்டி. ஆம்பூரைத் தாண்டியதும் மேகம் சூழ்ந்து கொள்கிறது, பாதை மறைந்துவிடுகிறது. உயரமானி 1,000 மீட்டர் காட்டுகிறது. இவ்வளவு உயரம் போதாதா என்று தோன்றும். ஆனால் வாணியம்பாடிக்கு அப்பால் ஏலகிரி மலை 1,100 மீட்டருக்கும் மேலே எழுந்து நிற்கிறது!

உயரமானி பொய் சொல்லவில்லை. அது ஒருவகைப் பாரமானிதான். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தை அடுத்த உயரங்களில், சுமார் 11 மீட்டர் ஏறினால் பாதரச மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கும். இந்தக் குறைவையே கருவி உயரமாக மாற்றிக் காட்டுகிறது. விமானம் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது அதற்குத் தெரியும். எதிரே உள்ள மலையின் உயரம் அதற்கு எப்படித் தெரியும்? யாராவது அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

1930ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தபால் விமானிகளுக்கு இத்தகைய குறிப்புகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. பலர் சாதாரணச் சாலை வரைபடங்களையும் தண்டவாளங்களையும் நம்பியே பறந்தனர். பனிக்காலத்தில் மலைகளில் மோதி மாண்டவர்கள் உண்டு. அவர்களுடன் பணியாற்றியவர் எல்ரே ஜெப்பசன். டென்மார்க்கிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1907இல் பிறந்தவர். அவருடைய விமானி உரிமத்தில் கையொப்பமிட்டவர் ஆர்வில் ரைட் என்றால் அது எந்தக் காலம் என்பது உங்களுக்கே புரியும்.

ஜெப்பசன் 10 சென்ட் கொடுத்து ஒரு கறுப்பு நோட்டு வாங்கினார். விமானத் திடலின் நீளம், சரிவு, விளக்குகள், சுற்றியுள்ள தடைகள் எல்லாவற்றையும் அதில் குறித்தார். வானிலையைக் கேட்டறிய, வழியிலிருந்த விவசாயிகளின் தொலைபேசி எண்களையும் எழுதிக் கொண்டார்! விடுமுறை நாட்களில் உயரமானியை எடுத்துக்கொண்டு மலைகள், புகைபோக்கிகள், தண்ணீர்த் தொட்டிகள் மீது தாமே ஏறி அளந்தார். மேகத்துக்குள் இருப்பவனுக்குக் குத்துமதிப்பான எண் பயன்படாது அல்லவா?

அதே காலத்தில், 1932 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து அதைச் சென்னைக்குக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட். அவர்களுடைய சிறு விமானத்தில் வானொலிக் கருவிகூடக் கிடையாது.

சக விமானிகள் ஜெப்பசனிடம் நோட்டின் பிரதி கேட்கத் தொடங்கினர். 1934இல் சால்ட் லேக் நகரில், தம் வீட்டின் நிலவறையில் அச்சிட்டு, பிரதி 10 டாலருக்கு விற்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையும் அவருடைய படங்களைப் பயன்படுத்தியது. அவர் 1996இல் காலமானார். டென்வர் விமான நிலைய முனையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த நோட்டின் தாள்கள் கழற்றி மாட்டக் கூடியவை. ஓரிடத்தில் புதிதாக ஒரு புகைபோக்கி எழுந்தால் அந்த ஒரு தாளை மட்டும் மாற்றினால் போதும். இப்போது விமானிகள் பெரும்பாலும் கைக்கணினியிலேயே படத்தைப் பார்க்கிறார்கள். அதிலும் 28 நாட்களுக்கு ஒருமுறை பழைய பக்கங்கள் போய்ப் புதியவை வருகின்றன.