ஆவணக் கோரிக்கையும் பேச்சுரிமையும்

பொய் விளம்பரத்தால் மக்களை ஏய்ப்போரையும், கூடிப் பேசி விலையை ஏற்றுவோரையும் விசாரிக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. அமெரிக்காவில் இப்பணிக்கென 1914இல் கூட்டாட்சி வணிக ஆணையம் நிறுவப்பெற்றது. வழக்குத் தொடுக்கும் முன்பே ஆவணங்களைக் கோரும் அதிகாரமும் அதற்கு உண்டு. அக்கோரிக்கையே ஒருவரின் வாயை அடைத்துவிடுமாயின் என் செய்வது? நாம் ஈண்டு ஆராய விழைவது இதனையே.

2023 நவம்பரில் மீடியா மேட்டர்ஸ் என்னும் ஊடகக் கண்காணிப்பு அமைப்பு, எக்ஸ் தளத்தில் நாஜி ஆதரவுப் பதிவுகளின் அருகே பெருநிறுவனங்களின் விளம்பரங்கள் வெளிவருவதாக எழுதிற்று. விளம்பரதாரர் சிலர் விலகினர். சில நாட்களுக்குள்ளாகவே டெக்சாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன், வணிக ஏமாற்றுத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணையை அறிவித்தார். அக்கட்டுரையால் ஏமாந்த நுகர்வோர் எவர் என்பது நமக்கு விளங்கவில்லை! 2025 மே மாதத்தில் மேற்கூறிய ஆணையமும், விளம்பரப் புறக்கணிப்பில் கூட்டுச்சதி உண்டா என்று கேட்டு, பிற அமைப்புகளுடன் நிகழ்ந்த கடிதத் தொடர்புகளைக் கோரியது.

காகிதங்களைத்தானே கேட்கிறார்கள், கொடுத்துவிட்டால் என்ன என்று ஓர் ஐயம் எழலாம். 1956இல் அலபாமா மாநிலம், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டதும் ஒரு பதிவுச் சட்டத்தின் பெயரால்தான். பட்டியல் வெளிப்பட்டால் வேலை போகும். உயிருக்கும் ஆபத்து நேரும். இதனை உணர்ந்த உச்ச நீதிமன்றம், 1958இல் பட்டியலைத் தர வேண்டுவதில்லை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஆயினும் பேச்சுரிமை என்று சொல்லிவிட்டால் எல்லா விசாரணையும் நின்றுவிடும் என்று கருதுதல் பிழை. மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் சம உரிமை வேண்டி வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்ததை, வன்முறை கலவாத அளவில், அரசியற் பேச்சாகவே 1982இல் அந்நீதிமன்றம் ஏற்றது. வாஷிங்டன் வழக்கறிஞர்கள் தம் கட்டணத்தை உயர்த்தும்பொருட்டு ஒன்றுகூடிப் பணி மறுத்ததையோ, 1990இல் போட்டிச் சட்ட மீறல் என்றது. இரண்டும் புறக்கணிப்பே, நோக்கமும் பயனுமே வேறு.

மீடியா மேட்டர்ஸ் வழக்குகளில் அதிகாரியின் நோக்கமும் ஆராயப்பட்டது. பாக்ஸ்டனுக்கு எதிரான இடைக்காலத் தடையை 2025 மே 30இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகஸ்டில், ஆணையத்தின் கோரிக்கை பழிவாங்கலாகவே தோன்றுகிறது எனக் கண்டு, கீழமை நீதிபதி ஸ்பார்க்கிள் சூக்நானன் அதற்கும் இடைக்காலத் தடை விதித்தார். வழக்கோ தண்டமோ அதுவரை எழவில்லை. விசாரணைக்கு அஞ்சி எழுதாமல் விடப்பட்ட செய்திகளே இழப்பாகக் கொள்ளப்பட்டன.