ஒரு துளையின் விலை என்ன?

புணே நகரை ஒட்டிய பிம்ப்ரியில் 1954ஆம் ஆண்டு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தோன்றியது. அடுத்த பத்தாண்டில் தொழிற்பேட்டையும் வாகன ஆலைகளும் அப்பகுதிக்கு வந்தன. அந்த ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் இன்று பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி எங்கும் பரவியுள்ளன. கடன் பெற்று இயந்திரம் வாங்கும்போது நாம் விலையைப் பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதில் பொருத்தும் டிரில் பிட்டையோ கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கிவிடுகிறோம். தவணைப் பணம் சிறுகச் சிறுகக் கசியும் இடங்களுள் இதுவும் ஒன்று.

எதைத் தேர்ந்தெடுப்பது?

உலோகத்தைத் துளையிட எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகு பிட்டே பொதுவாகப் போதுமானது. டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் கலந்த இந்த எஃகு, சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் கடினத்தன்மையைப் பெரிதும் இழப்பதில்லை. மைல்டு ஸ்டீல், அலுமினியம், வார்ப்பிரும்பு ஆகியவற்றுக்கு எம்2 வகையும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 5 விழுக்காடு கோபால்ட் கலந்த எம்35 வகையும் ஏற்றவை. முனைக்கோணம் பொதுப் பணிக்கு 118 டிகிரியும், கடின உலோகத்துக்கு 135 டிகிரியும் இருத்தல் நலம்.

பொன்னிறத்தைக் கண்டு மட்டும் மயங்க வேண்டாம். அது டைட்டானியம் நைட்ரைடு மேற்பூச்சு. முனையைச் சாணை பிடித்தால் அங்கே நீங்கிவிடும். கோபால்ட்டோ எஃகு முழுவதிலும் கலந்திருப்பது. எத்தனை முறை சாணை பிடித்தாலும் அதன் பயன் தொடரும்.

வேகமும் நிதானமும்

பிட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மிகுவேகமே. மைல்டு ஸ்டீலுக்கு வெட்டுவேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டர். அதை 320ஆல் பெருக்கி, பிட்டின் விட்டத்தால் மில்லிமீட்டரில் வகுத்தால் சுழற்சி எண்ணிக்கை கிடைக்கும். 10 மி.மீ. பிட்டுக்கு 800 சுற்று; 5 மி.மீ. பிட்டுக்கு 1,600 சுற்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இதில் பாதி வேகமே போதும். ஆனால் அழுத்தம் தளரக் கூடாது. பிட் வெட்டாமல் உரசிக்கொண்டிருந்தால் உலோகம் மேலும் இறுகிவிடும். கூலன்ட் தடையின்றி விழ வேண்டும். ஆழமான துளையில் அவ்வப்போது பிட்டை வெளியே எடுத்து, சுருள்களை நீக்குவது அவசியம்.

கணக்கு சொல்லும் உண்மை

ரூ.60 விலையுள்ள பிட் 50 துளைகளுடன் தேய்ந்துவிடுகிறது எனக் கொள்வோம். ஒரு துளைக்கு ரூ.1.20 செலவு. ரூ.180 விலையுள்ள பிட் 300 துளைகள் இட்டால், செலவு 60 காசு மட்டுமே. இழப்பு இதோடு நிற்பதில்லை. கடைதல், அரைத்தல் எல்லாம் முடிந்த பாகத்தில் இறுதித் துளையிடும்போது பிட் முறிந்து சிக்கிக்கொண்டால், அதுவரை செலவிட்ட உலோகம், கூலி, மின்சாரம் அனைத்தும் வீணாகக்கூடும். பாகங்கள் குறித்த நாளில் போய்ச் சேராவிடில் பணமும் குறித்த நாளில் வராது; தவணை நாளோ காத்திராது.

ஆகவே இயந்திரத்தின் அருகே ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்தப் பிட், எந்த உலோகம், எத்தனை துளை என மூன்று மாதம் எழுதி வந்தால், அடுத்து எதை வாங்குவது என்பது தானே விளங்கும். நடைமுறை மூலதனக் கடனுக்கு மதிப்பீடு தயாரிக்கும்போதும் அந்தக் கணக்கு கைகொடுக்கும்.

பாகத்தை வைஸில் இறுக்கிப் பிணையுங்கள், கண்ணாடி அணியுங்கள், சுழலும் பிட்டின் அருகே கையுறை வேண்டாம். பிட்டை மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற இயலாது.