வயலில் பன்றி, வரப்பில் எலி: ரைஃபிள் வாங்கினால் தீருமா? எந்தத் தோட்டா, எவ்வளவு தூரம்?

யூடியூபில் ஒரு வீடியோ. அமெரிக்கப் புல்வெளி. ஒருவர் தரையில் படுத்தபடி ரைஃபிளில் குறிபார்க்கிறார். முந்நூறு மீட்டர் தள்ளி, வளையிலிருந்து எட்டிப் பார்க்கிறது அணில் மாதிரி ஒரு பிராணி. ஒரே வேட்டு, கதை முடிந்தது.

வேளாங்கண்ணி பக்கத்துக் குடும்பம், சென்னையில் ஐ.டி. வேலை, பொங்கலுக்கு ஊருக்கு வந்த பிள்ளை இதை அப்பாவிடம் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இதுல ஒண்ணு வாங்கிட்டா எலித் தொல்லையும் இல்ல, பன்னித் தொல்லையும் இல்லப்பா." அப்பா ஒரு கேள்விதான் கேட்பார்: "அதெல்லாம் சரி தம்பி, படலேன்னா குண்டு எங்க போயி விழும்?"

இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆனால் முதலில் வீடியோவில் இருப்பதைப் புரிந்துகொள்வோம்.

அந்தத் தோட்டாவில் என்ன விசேஷம்?

பேச்சுவழக்கில் குண்டும் தோட்டாவும் ஒன்றுதான். உண்மையில் தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளை உறை, அடியில் தீப்பொறி தரும் மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்.

குழலை விட்டுக் கிளம்பிய கணத்திலேயே குண்டு கீழே இறங்கத் தொடங்கிவிடும். வேகமாகப் போனால் இறங்குவதற்கு நேரம் இல்லை, அவ்வளவுதான் சூட்சுமம். சாதாரண .22 ரைஃபிளின் குண்டு நொடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 200 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் இறங்கிவிடும். .223 ரெமிங்டன் குண்டு நொடிக்கு 980 மீட்டருக்கு மேல் கிளம்புகிறது. அதே 200 மீட்டரில் அதன் இறக்கம் ஒரு சாண்தான். தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் குறி பெரிதாகத் தவறாது. இந்த வேகப் பைத்தியம் புதிதல்ல. 1935இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட், அப்போதே நொடிக்கு 1,200 மீட்டரைத் தாண்டியது.

வேகத்துக்கு விலை உண்டு. எடை குறைந்த குண்டைக் காற்று எளிதாகத் தள்ளிவிடும். நம்ம கடற்கரைக் காற்றில் அதை வைத்து நெடுந்தூரம் குறிபார்ப்பது லேசான காரியமல்ல. இன்னொன்று, சின்னப் பிராணிகளுக்கான குண்டின் மேலுறை மெல்லியது, பட்டதும் சிதறிவிடும். மண்ணில் பட்டுத் தெறித்து வேறெங்கோ போகும் ஆபத்து இதனால் குறைகிறது. ஆனால் காட்டுப்பன்றியின் தடித்த தோலுக்கும் தோள் எலும்புக்கும் அது சரிப்படாது. மேலாகச் சிதறி, காயத்தோடு ஓடவிடும். காயம்பட்ட பன்றி எப்படித் திரும்பும் என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, நம்மால் வாங்க முடியுமா?

இங்கேதான் வீடியோ நின்றுவிடுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு என்ன துப்பாக்கி என்பதைப் பேரைச் சொல்லியே குறிப்பிடுகிறது: குழல் வாய்வழியே மருந்தைக் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால், உட்புறம் வழுவழுப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். நடைமுறையில் அது 12 போர். அதே பிரிவு .22 ரைஃபிளை, ரைஃபிள் கிளப் உறுப்பினர் குறி பழகுவதற்கு என்று வைத்திருக்கிறது, பயிருக்கு அல்ல.

தக்க காரணம் காட்டினால் .315, .30-06 போன்ற ரைஃபிள்களுக்கு உரிமம் கேட்கலாம். ராணுவத் துப்பாக்கிகளின் .303, 7.62 வகைகள் 'தடைசெய்யப்பட்ட போர்' பட்டியலில் வருகின்றன. நம் நாட்டில் பிரபலமான .315, 19ஆம் நூற்றாண்டின் ஆஸ்திரிய ராணுவத் தோட்டாவின் வம்சம்: கனமான குண்டு, நிதானமான வேகம். நெடுந்தூர எலி வேட்டைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஒன்றைத் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

குண்டு எங்கே விழும்?

அப்பாவின் கேள்விக்கு வருவோம். ரைஃபிள் வேட்டையில் முதல் விதி, இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடோ குன்றோ இருக்க வேண்டும். கீழ்வேளூர் பக்கம் வயலில் நின்று சுற்றிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டின வரை தட்டை. மேடு என்று சொன்னால் வாய்க்கால் கரைதான். நடுவில் நடவு ஆட்கள், ஆடு மேய்ப்பவர்கள், கூரை வீடுகள். ஆகஸ்ட் கடைசியில் கொடியேற்றம் நெருங்கினால் சாலையெல்லாம் பாத யாத்திரைக் கூட்டம்.

சின்னது என்று நாம் நினைக்கும் .22 குண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. .30-06 குண்டு 3 கிலோமீட்டரையும் தாண்டும். 12 போர் தோட்டாவின் சிறு ரவைகள் சில நூறு மீட்டரில் அடங்கிவிடும். உருப்படியாகப் பயன்படுவது 35, 40 மீட்டருக்குள்தான். பயிர்க் காவலுக்குச் சட்டம் வழுவழுப்பான குழலை முன்னே வைப்பது ஏன் என்று டெல்டாவில் நின்றால் விளங்கும். இங்கே 'நெடுந்தூரம்' என்பது நல்ல குணமே அல்ல.

அப்போ பன்றியை யார் சுடுவது?

உரிமம் இருந்தாலும் நீங்கள் சுட முடியாது. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டப்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றால் வேட்டைக்கு அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. தமிழக அரசு 2025 ஜனவரியில் இதற்குத் தூரக் கணக்கு வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். ஆக, கோடியக்கரைக் காட்டை ஒட்டிக் கடலை போட்டிருப்பவருக்கு இந்தத் துப்பாக்கி உதவாது. கேரளம் 2022இல் வேறு வழி பிடித்தது: உள்ளாட்சித் தலைவருக்கே உத்தரவிடும் அதிகாரம், சுடுவது உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்கள்.

சட்டம் மெதுவாக நகரும் இடத்தில்தான் திருட்டு மின்வேலி வருகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. டெல்டாவில் எலிக்கு இழுத்த கம்பியை இருட்டில் மிதிப்பது பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சப் போன ஆள், சில சமயம் கம்பி கட்டியவரே. துப்பாக்கிக்கு வரிசையில் நிற்பதைவிட இதுதான் உடனடிக் கவலை.

எலிக்கு?

எலிக்குத் தோட்டா தேடுவது வேண்டாத வேலை. அது ராத்திரியில் வரும், பயிருக்குள்ளேயே நடமாடும். எட்டத்திலிருந்து பார்க்கவே முடியாது. இதற்கு இந்த மண் கண்டுபிடித்த ஆயுதத்துக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது: தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் கட்டி, நடுவில் இரை வைப்பது. எலி இரையைத் தொட்டால் நாண் இறுக்கிவிடும். சாயங்காலம் வைத்து விடியலில் எடுப்பார்கள். கிட்டி வைப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. எலி எந்த வரப்பில் ஏறி எந்த வரப்பில் இறங்குகிறது என்று தடம் பார்த்தே சொல்வார்கள். சுடும் தூரம்: ஒரு சாண். தவறினால் விழும் இடம்: அதே வரப்பு.

கூடவே வயலில் 'டி' வடிவக் குச்சி நட்டால் ராத்திரி ஆந்தை வந்து உட்காரும். ஒரு ஆந்தைக் குடும்பம் செய்யும் வேலையை எந்த ரைஃபிளும் செய்யாது. வரப்பு அகலமாக இருந்தால் எலிக்கு அது வீடு. வளை தோண்ட இடமில்லாமல் ஒடுக்கமாக வரப்பைச் செதுக்கச் சொல்கிறார்கள் வேளாண் துறையினர். அதற்கு நேரம் நடவுக்கு முன்புதான். கதிர் பால் பிடித்த பிறகு மண்வெட்டியோடு போய்ப் பயனில்லை.