மானாமதுரைக்குப் போகாத பஸ்

சிம்போசியத்துக்கு சென்னை, மதுரை ரெண்டு ஊருக்கு மட்டும் பஸ். வேற ஊர் பேரைப் பதிவு ஃபார்ம் ஏத்துக்கக் கூடாதுன்னு இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் போட்டோம்:

^சென்னை|மதுரை$

மானாமதுரை ஜூனியர் ஒருத்தர், ஃபார்ம் ஏத்துக்கிச்சேன்னு காலையில 5 மணிக்கே ரோட்டுல நின்னார். பஸ் வரலை.

தப்பு எங்கே? எல்லாக் குறிகளிலும் | குறிக்குத்தான் முன்னுரிமை மிகக் குறைவு. அது பக்கத்துச் சொல்லை மட்டும் பார்க்காது. முழு பேட்டர்னையும் ரெண்டா வெட்டும். ஒண்ணு, சென்னைன்னு தொடங்கணும். இல்லைன்னா மதுரைன்னு முடியணும். மானாமதுரை முடியுதே!

2+3×4-ல் கூட்டலை முதலில் செய்ய அடைப்புக்குறி போடுவோமே, இங்கேயும் அதேதான்:

^(சென்னை|மதுரை)$

இப்போ | அடைப்புக்குறியைத் தாண்டாது. ^, $ இரண்டும் இரு ஊருக்கும் பொதுவாகிவிடும்.

அடைப்புக்குறி, பொருந்திய சொல்லைத் தனியா எடுத்தும் வைக்கும். அது தேவையில்லைன்னா (?:சென்னை|மதுரை) என்று எழுதலாம்.

நாங்க டெஸ்ட் பண்ணினது சென்னை, மதுரை மட்டும்தான். ரெண்டும் பாஸ். நீங்க, ஏத்துக்கக் கூடாத பேரையும் போட்டுப் பாருங்க.