விசையுந்துகளின் மின்னணு எரிபொருள், எரியூட்டல் சீரமைப்பு

விசையுந்து (மோட்டார் சைக்கிள்) ஒன்றின் உள் எரி பொறிக்குள் எவ்வளவு பெட்ரோல் செல்ல வேண்டும், தீப்பொறி எந்தக் கணத்தில் எழ வேண்டும் என்பவற்றை நுண்கட்டுப்படுத்தி ஒன்றின் அட்டவணைகளில் எண்களாகத் திருத்தி அமைப்பது மின்னணு எரிபொருள், எரியூட்டல் சீரமைப்பு எனப்படும். உற்பத்தியாளர்கள் இப்பணியைத் தொழிற்சாலையில் முடித்து, கட்டுப்பாட்டகத்தைப் பூட்டிய நிலையில் வண்டியை விற்கின்றனர். பந்தய வீரர்களும் பொறியியல் மாணவர்களும் ஆர்வலர்களும் இதனைத் தாமே செய்வது தற்சீரமைப்பு எனப்படுகின்றது. சரியாகச் செய்தால் பொறியின் திறனும் ஆயுளும் கூடும். தவறாகச் செய்தால் சில நிமிடங்களில் பிஸ்டன் உருகக்கூடும்.

அடிப்படை

பெட்ரோல் முழுமையாக எரிய, நிறையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இவ்விகிதத்தைவிடக் காற்று மிகுந்தால் அது மெலிந்த கலவை என்றும், பெட்ரோல் மிகுந்தால் செறிந்த கலவை என்றும் அழைக்கப்படும். உச்சத் திறன் பெற 12.5 முதல் 13 வரையான விகிதம் பயன்படுகின்றது. கார்புரேட்டர் இவ்விகிதத்தைத் துளைகளின் அளவாலும் காற்றோட்டத்தின் உறிஞ்சலாலும் தோராயமாகப் பேணுகின்றது. மின்னணு முறையில், உட்செலுத்தி (இன்ஜெக்டர்) திறந்திருக்கும் நேரமே பெட்ரோலின் அளவை முடிவு செய்கின்றது.

தீப்பொறி எழுந்தவுடன் கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை; சுடர் பரவச் சிறிது நேரம் ஆகும். எனவே பிஸ்டன் உச்சியை அடையும் முன்னரே தீப்பொறி எழ வேண்டும். இம்முந்தல் பாகை அளவில் குறிக்கப்படும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஒரு மில்லிநொடியில் வணரித்தண்டு (கிராங்க் சாப்ட்) 9 பாகை மட்டுமே திரும்புகின்றது. 6000 சுற்றில் அதே நேரத்தில் 36 பாகை திரும்பிவிடுகின்றது. வேகம் கூடும்போது முந்தலும் கூட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. முந்தல் அளவு மீறினால், சுடர் சென்றடையும் முன்பே எஞ்சிய கலவை தானாக வெடித்துப் பொறியில் தட்டல் ஒலி எழும். தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனின் மேற்பரப்பு அரிக்கப்படும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

150 க.செ.மீ. கொள்ளளவுள்ள ஒற்றை உருளைப் பொறி ஒன்று 30 பாகை செல்சியசு காற்றை 90 விழுக்காடு நிரப்புத்திறனுடன் உறிஞ்சுவதாகக் கொள்வோம்.

- அவ்வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.16 கிராம். எனவே ஒரு சுழற்சிக்கு 157 மில்லிகிராம் காற்று உள்ளே வரும்.
- 14.7 விகிதத்துக்குத் தேவையான பெட்ரோல் 10.7 மில்லிகிராம்.
- நிமிடத்துக்கு 120 மில்லிலிட்டர் பாய்ச்சும் உட்செலுத்தி, ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 1.48 மில்லிகிராம் தரும். ஆகவே அது 7.2 மில்லிநொடி திறந்திருக்க வேண்டும்.
- உட்செலுத்தியின் ஊசி நகரத் தொடங்கும் தாமதமாக ஏறத்தாழ ஒரு மில்லிநொடி சேர்த்தால் மொத்தம் 8.2 மில்லிநொடி.

நான்கு வீச்சுப் பொறியின் ஒரு சுழற்சி இரண்டு சுற்றுகள் கொண்டது. 8000 சுற்று வேகத்தில் அதற்கு 15 மில்லிநொடி ஆகும். எனவே இந்த உட்செலுத்தி பாதி நேரத்துக்குச் சற்று மேல் திறந்திருக்கும். இக்கால அளவு 80 விழுக்காட்டைத் தாண்டினால் பெரிய உட்செலுத்தியைப் பொருத்துவது வழக்கம்.

உறுப்புகள்

வணரித்தண்டு உணரி: பொறியின் வேகத்தையும் பிஸ்டனின் இடத்தையும் அறிவிக்கும். 36 பல் இடங்களில் ஒன்று விடுபட்ட சக்கரம் பரவலாகப் பயன்படும் அமைப்பாகும். இதில் ஒவ்வொரு பல்லும் 10 பாகையைக் குறிக்கும். விடுபட்ட பல் தொடக்கப் புள்ளியைக் காட்டும்.

சுமை உணரி: திராட்டில் திறப்பையோ உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தையோ அளக்கும். ஒற்றை உருளை விசையுந்துகளில் குழாயின் அழுத்தம் ஒவ்வொரு உறிஞ்சலின்போதும் ஏறி இறங்குவதால் சராசரி அளவீடு பிழையாகிவிடும். எனவே வணரித்தண்டின் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அழுத்தம் அளக்கப்படுகின்றது. அல்லது திராட்டில் திறப்பே சுமையாகக் கொள்ளப்படுகின்றது. மகிழுந்துக்கான அமைப்புகளை அப்படியே விசையுந்தில் பயன்படுத்துவோர் பெரும்பாலும் இடறுவது இங்குதான்.

வெப்ப உணரிகள்: காற்று, பொறி ஆகியவற்றின் வெப்பநிலையைத் தரும். குளிர்ந்த பொறிக்குச் செறிந்த கலவை தேவை.

ஆக்சிசன் உணரி: புகைக்குழாயில் பொருத்தப்படும். குறும்பட்டை வகை, 14.7 விகிதத்துக்கு இருபுறமும் 0.1 முதல் 0.9 வோல்ட்டு வரை தாவும். கலவை மெலிந்ததா செறிந்ததா என்பதை மட்டுமே அது சொல்லும். விகிதத்தை எண்ணாகத் தருவது அகல்பட்டை வகையாகும். சீரமைப்புக்கு அகல்பட்டை உணரி இன்றியமையாதது.

மின்னணுவுக்குள் மண்பாண்டக் கலை

எரியூட்டலும் கலவை அளவீடும் பீங்கான் நுட்பத்தைச் சார்ந்துள்ளன. தீப்பொறிச் செருகியின் (ஸ்பார்க் பிளக்) வெண்ணிறக் காப்பு, பெரும்பகுதி அலுமினாவால் ஆனது. ஆக்சிசன் உணரியின் உயிர்நாடி சிர்கோனியா. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் இதன் ஊடாக ஆக்சிசன் அயனிகள் நகர்வதால், இருபுறத்து ஆக்சிசன் அளவின் வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படுகின்றது.

கடலூர் மாவட்டத்தில் கம்மாபுரத்தை அடுத்துள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கு பொம்மைகளும் மின்காப்புப் பொருட்களும் செய்யப்படுகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் பயிலகமும் உண்டு. மின்கம்பிகளைத் தாங்கும் வழமையான பீங்கான், களிமண், பெல்சுபார், குவார்ட்சு ஆகியவற்றின் கலவை. செருகியின் காப்போ பல ஆயிரம் வோல்ட்டையும் எரியறையின் திடீர் வெப்ப மாற்றத்தையும் ஒருங்கே தாங்க வேண்டியிருப்பதால் அதில் அலுமினாவின் பங்கு மிக அதிகம். இரண்டும் பொடியை வடிவமைத்துச் சூளையில் சுடும் ஒரே கலையின் இரு கிளைகள் ஆகும்.

வரலாறு

1967இல் பாசு நிறுவனத்தின் மின்னணு உட்செலுத்தல் முறை வோக்சுவாகன் மகிழுந்தில் விற்பனைக்கு வந்தது. விசையுந்துகளில் கவாசாகி 1980இலும், பி.எம்.டபிள்யூ கே100 வண்டி 1983இலும் இம்முறையைக் கொண்டு வந்தன. 2001இல் அமெரிக்காவில் புரூசு பௌலிங், ஆல் கிரிப்போ ஆகியோர் மெகாசுகுவர்ட் என்ற கட்டுப்பாட்டகத்தை வெளியிட்டனர். ஆர்வலர்கள் தாமே பற்றவைத்துச் செய்துகொள்ளும் வகையில் அது விற்கப்பட்டது. பின்னர் ஆத்திரேலியாவில் தொடங்கிய சுபீடுயினோ திட்டம், ஆர்டுயினோ மெகா பலகையை அடிப்படையாகக் கொண்டு, கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. இதன் எரிபொருள் அட்டவணை 16 வரிசைகளும் 16 நிரல்களும் கொண்டது. அதாவது 256 எண்கள்.

இந்தியாவில் 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எப்.ஐ, 2007இல் பஜாஜ் பல்சர் 220, 2008இல் யமகா ஆர்15, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எசின் அப்பாச்சி ஆர்.டி.ஆர் எப்.ஐ ஆகியவை உட்செலுத்தலுடன் வந்தன. எனினும் பல்சர் 220 வண்டி 2009இல் கார்புரேட்டருக்கே திரும்பியது. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் நிலை 6 மாசுத் தரம் நடைமுறைக்கு வந்தபின்பே உட்செலுத்தல் சாதாரண வண்டிகளிலும் பரவலானது.

தமிழ்நாட்டில் பயன்பாடு

இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் சென்னைப் பந்தயத் தடமும், கோவை அருகே செட்டிப்பாளையத்திலுள்ள கரி பந்தயத் தடமும் சீரமைக்கப்பட்ட பொறிகள் ஓடும் களங்கள். கரி தடத்தில் நடந்துவரும் பார்முலா பாரத் போட்டியில் பொறியியல் மாணவர்கள் தாமே கட்டிய சிறு பந்தய ஊர்திகளை ஓட்டுகின்றனர். 373 க.செ.மீ. கேடிஎம் 390 போன்ற விசையுந்துப் பொறிகளை இவர்கள் பயன்படுத்துவதுண்டு. பெட்ரோல் பொறிக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒடுக்கு வழியாகவே செல்ல வேண்டும் என்பது விதி. ஒடுக்கால் காற்றின் அளவு மாறிவிடுவதால் தொழிற்சாலை அட்டவணை பொருந்தாது. எனவே மாணவர்கள் அட்டவணையைப் புதிதாக எழுத நேர்கின்றது.

எத்தனால் கலப்பும் சீரமைப்பும்

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்தது. 2025இல் நாடளாவிய இலக்கு எட்டப்பட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிசன் இருப்பதால் இக்கலவைக்குத் தேவையான காற்று விகிதம் ஏறத்தாழ 13.5 மட்டுமே. மேற்காட்டிய பொறியில் 10.7 மில்லிகிராமுக்குப் பதில் 11.6 மில்லிகிராம் எரிபொருள் தேவைப்படும். உட்செலுத்தி அரை மில்லிநொடிக்குச் சற்றுக் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். ஆக்சிசன் உணரி உள்ள வண்டி இதனைப் பெருமளவு தானே ஈடுசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டியில் துளையின் அளவை மாற்றாவிடில் கலவை மெலியும். எத்தனால் தட்டலை நன்கு எதிர்ப்பதால், கலவையைச் சரிசெய்த பின்னர் முந்தலைச் சிறிது கூட்ட இடமுண்டு.

செய்முறை ஒழுங்கு

1. உணரிகளை அளவுதிருத்தம் செய்தல்.
2. நேரவிளக்கைக் கொண்டு, திரையில் காணும் முந்தலும் உண்மையில் எழும் தீப்பொறியும் ஒத்துள்ளனவா என்று உறுதி செய்தல். இது பிழையானால் பின்னர் வரும் எண்கள் யாவும் பிழையே.
3. முந்தலைக் குறைவாகவும் கலவையைச் செறிவாகவும் வைத்துத் தொடங்குதல்.
4. முதலில் வெறுமனே ஓடும் நிலை, அடுத்துச் சீரான பயணம், இறுதியில் முழுத் திராட்டில் என்ற வரிசையில் எரிபொருள் அட்டவணையைத் திருத்துதல்.
5. கலவை நிலைபெற்ற பின்னரே முந்தலை ஓரிரு பாகைகளாகக் கூட்டுதல். திறன் கூடாதபோது நிறுத்திவிட வேண்டும். தட்டல் வரும்வரை காத்திருத்தல் கூடாது.
6. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கோப்பாகச் சேமித்தல்.

ஓடும் வண்டியில் கணினியைப் பார்த்துக்கொண்டே எண்களை மாற்றுவது உயிருக்கு ஆபத்தானது. உருளைச் சோதனை மேடையில் செய்வதோ, பதிவு செய்த தரவைப் பின்னர் ஆராய்ந்து திருத்துவதோ முறையாகும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவு பெற்ற வாகனத்தின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் அதனை மாற்றுவதைத் தடை செய்கின்றது. 2019இல் செய்யப்பட்ட திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் செயலிழக்கச் செய்த வண்டி புகைச் சோதனையிலும் தேறாமல் போகலாம். ஆகவே தற்சீரமைப்புக்கு உரிய இடம் பந்தயத் தடமும் ஆய்வுக்கூடமுமே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- உள் எரி பொறி
- கார்புரேட்டர்
- நுண்கட்டுப்படுத்தி
- தீப்பொறிச் செருகி
- விருத்தாசலம்